முழங்கால் சுமக்கும் பாரம்



வன்னிக் கிராமங்களில் பெண்கள் கூட்டம் வைத்தால், பேச்சு கடைசியில் நாரி நோவிலும் முழங்கால் நோவிலும் வந்து நிற்கும். "இருந்தால் எழும்ப ஏலாமல் கிடக்கு பிள்ளை" என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. 2009 வரை மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து, பின்பு தனியே குடும்பத்தைத் தாங்கிய உடம்புகள் இவை. ஆகவே எல்லா நோவுக்கும் உடல் நிறைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. நடந்தவற்றை மாற்ற முடியாது. நிறையை எங்களால் மாற்ற முடியும்.

நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. ஆனால் ஒரு கணக்கு என்னை யோசிக்க வைத்தது. முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ள, பருத்த உடம்புக்காரரிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. நிறை 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என அதில் கண்டார்கள். 5 கிலோ குறைந்தால் அடிக்கு 20 கிலோ. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நாளுக்கு எத்தனை அடி வைக்கிறோம்! வயிறு பருத்தால் நாரிக்கும் பாரம் கூடும்.

இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். பிள்ளைகள் மிச்சம் விட்டதை வீணாக்கக்கூடாது என்று நாங்களே சாப்பிடும் பழக்கத்தை விடுவோம். நாளுக்கு 5 தேநீர், ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சீனி என்றால் மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் வருகிறது. பாதியாக்கினால் காசும் மிச்சம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, முருங்கையிலை, வல்லாரை, பயறு, மீன் என்பவற்றைக் கூட்டுங்கள்.

நடையும் வேண்டும். "தனியே நடந்தால் ஊர் கதைக்கும்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மாதர் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து நடவுங்கள். மனப்பாரமும் குறையும். மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினால் தசை பலப்பட்டு மூட்டைத் தாங்கும்.

உடம்பில் செல் துண்டு உள்ளவர்களும் செயற்கைக்கால் போட்டவர்களும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கால் விறைத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கடையில் நோக் குளிசை வாங்கி நாட்கணக்காக விழுங்காதீர்கள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் நிறையையும் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளையின் நிறையை மாதாமாதம் பார்த்த தாய்மார்தானே நாங்கள்.