எலிக்கு இடம் கொடுத்த அருங்காட்சியகம்

வாஷிங்டனில் உள்ள அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகத்துக்கு விழுந்த பூஜ்யத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசியாகிவிட்டது. 2026 நிதியாண்டுக்காக வெள்ளை மாளிகை அனுப்பிய பட்ஜெட் கோரிக்கையில் அதற்கு ஒரு டாலர்கூட இல்லை. வாஷிங்டன் நினைவுத் தூணுக்குப் பக்கத்திலேயே கறுப்பின வரலாற்றுக்குப் பெரிய அருங்காட்சியகம் நிற்கிறதே, ஆற்றுக்கு அக்கரையில் இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

முந்திப் பிறந்தது எது என்பதாவது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பெரியது திறந்தது 2016-ல். அனகோஸ்டியா 1967-லேயே, கார்வர் என்ற பழைய சினிமா கொட்டகையில் தொடங்கிவிட்டது. முதல் இயக்குநர் ஜான் கினார்ட் அருங்காட்சியகத் துறைக்காரரே அல்ல. போதகர், தெருவில் இறங்கி வேலை செய்த சமூகப் பணியாளர். வீட்டில் எலித் தொல்லை என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சொன்னதும், 1969-ல் எலியையே கண்காட்சிப் பொருளாக்கினார்கள். உள்ளேயே ஒரு கொல்லைப்புறத்தை அமைத்து அதில் உயிருள்ள எலிகளை விட்டார்கள். அவை எப்படிப் பெருகுகின்றன, என்ன நோயைக் கொண்டுவருகின்றன, எப்படி ஒழிப்பது என்பதை அந்தப் பேட்டை மக்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எலியையும் குப்பையையும் வரலாறு என்று ஒப்புக்கொள்ள அன்றைய அருங்காட்சியகப் பண்டிதர்களில் எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்!

அதே அருங்காட்சியகம் 2018-ல், வீடும் தெருவும் கைவிட்டுப் போகாமலிருக்க வாஷிங்டன் பேட்டைகள் நடத்திய போராட்டங்களைக் காட்சியாக வைத்தது. வாசலுக்கு வந்தவரிடமே கதையைக் கேட்டு, அதையே காட்சிக்கு வைக்கிற இடம் அது. ஆண்டுக்கொருமுறை மேடை போட்டு, கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி முடிந்ததும் கழற்றிவிடுகிற விழாவல்ல. கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

கோரிக்கை எழுதியவர்களுக்கு இதெல்லாம் புரியும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறோ என்னவோ. இவர்களது நிர்வாகத்தின் லட்சணம் 2025-ன் முதல் மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. விமானப்படைப் பயிற்சியிலிருந்து கறுப்பினத்தவரான டஸ்கீகி விமானிகளின் வீடியோவை எடுத்தார்கள். கூச்சல் எழுந்ததும் திரும்ப வைத்தார்கள். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் ராணுவ சேவை பற்றிய பக்கம் பென்டகன் தளத்திலிருந்து காணாமல் போய், ஊர் சிரித்த பிறகு திரும்பி வந்தது. அடிமைகள் தப்பிய ரகசியப் பாதையைச் சொல்லும் பக்கத்தில், அந்தப் பாதையில் ஆட்களை அழைத்துவந்த ஹாரியட் டப்மனின் படத்தையே தூக்கினார்கள். அதுவும் திரும்பியது. ஒவ்வொரு முறையும் அழிப்பது, பிடிபட்டதும் ஒட்டுவது. எழுதியதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அந்த அலுவலகங்களில் யாருக்காவது உண்டா?

இணையப் பக்கத்தை ஒரு பொத்தானில் மீட்கலாம். ஆட்களைக் கலைத்து, கதவைச் சாத்திய அருங்காட்சியகத்தை எந்தப் பொத்தானை அழுத்தி மீட்பார்கள்?

பணப்பெட்டியின் சாவி காங்கிரஸிடம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஏதாவது செய்தாக வேண்டும். அக்கரைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டாவது கையெழுத்துப் போடட்டும்.

கறுப்பின வரலாற்று மாதத்துக்கு வித்திட்ட வாரத்தை வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் தொடங்கியது 1926 பிப்ரவரியில். அதற்கு நூறு நிறைகிற ஆண்டுக்குத்தான் இந்தப் பூஜ்யத்தை எழுதியிருக்கிறார்கள்.