தி.நகரில் ஏன் தண்ணி நிக்குது? பதில் தெருப் பெயரிலேயே இருக்கு!

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கு. சரி, ஏரி எங்கே?

நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். சென்னை வளர, வீட்டுமனைகள் தேவைப்பட்டன. 1920-களில் ஏரியைத் தூர்த்து தி.நகர் உருவானது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஏரி போச்சு, பள்ளம் போகல. மழைநீர் இன்னும் அங்கேதான் வருது. அது வடிய முக்கிய வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் அருகே தொடங்கி, தி.நகரைக் கடந்து, நந்தனம் பக்கம் அடையாற்றில் சேர்கிறது. ஆற்றில் வெள்ளம் உயர்ந்தால் கால்வாய் நீர் வெளியேற முடியாது, தெருவுக்கே திரும்பும்.

ஆறு சாதாரணமாக ஓடினாலும், கால்வாய் அடைத்தால் அதே கதிதான். 2021 நவம்பர் மழையில் தி.நகர் மூழ்கியபோது, சீரமைப்புப் பணிகளின் கட்டடக் கழிவு கால்வாயில் கிடந்தது பெரும் விவாதமானது. சரிசெய்யும் வேலையே அடைப்பானால் என்ன பயன்?

ராட்சத மோட்டார் வைத்து இறைப்பது அன்றைய நாளுக்கு மட்டும் உதவும். தூர்வாரல் அக்டோபருக்கு முன்பே முடியணும். கழிவுநீர் கலப்பது நிற்கணும். கால்வாயின் அகலம் இனி ஒரு அடிகூடக் குறையக் கூடாது.

ஏரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அங்கே ஒரு நகரமே வாழுது. அதனால்தான் மிச்சமிருக்கும் கால்வாயை இழக்கக் கூடாது.