எட்டுக் கேள்வியில் முடிகிற காரியமா?

ஆளுமைக் கோளாறின் தீவிரத்தைக் கண்டறிய ஒரு கேள்விப்படிவம் போதும், மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசுவதெல்லாம் வீண் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் ஒரே ஓர் எண்: 94 விழுக்காடு. எண் பொய்யில்லை. அதை வைத்து அவர் சொல்வதுதான் பொய்.

'சாபஸ்' என்ற அந்தப் படிவத்தை லண்டனில் பால் மோரன் குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். எட்டுக் கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். மூன்று கேள்விகளிலாவது சிக்கினால் கோளாறு இருக்குமோ என்று சந்தேகிக்கலாம். சோதித்தது 60 பேரிடம். அத்தனை பேரும் ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருந்தவர்கள். கோளாறு உள்ளவர்களில் 94 விழுக்காட்டினரை அது பிடித்தது. இல்லாதவர்களில் 15 விழுக்காட்டினரையும் பிடித்தது. இந்த இரண்டாவது எண்ணைக் கட்டுரையாளர் மறைத்துவிட்டார். ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் கோளாறு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். படிவம் 94 பேரைச் சரியாகக் காட்டும். மீதி 900 பேரில் 135 பேரைத் தவறாகக் காட்டும். சுட்டப்படுபவர்களில் பாதிக்கு மேல் கோளாறே இல்லாதவர்கள்!

யார் அந்த 135 பேர்? திருமணமாகித் தெரியாத ஊருக்கு வந்த பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். நட்பு அமைவது கடினமா? ஆம். பிறரை அதிகம் சார்ந்திருக்கிறீர்களா? கையில் காசில்லாதவர் வேறென்ன சொல்வார்? எப்போதும் கவலைப்படுவீர்களா? ஆம். மூன்றாகிவிட்டது. அவருடைய வாழ்க்கை நிலைமையை அவருடைய ஆளுமையின் நோயாக எழுதி முடித்தாயிற்று.

இதில் தீவிரம் எங்கே வந்தது? சாபஸ் அதை அளக்க உருவானதே அல்ல. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11தான் லேசானது, மிதமானது, கடுமையானது என்று தரம் பிரிக்கச் சொல்கிறது. அது பார்க்கச் சொல்வது, தன்னைப் பற்றிய உணர்வும் உறவுகளும் எவ்வளவு சிதைந்திருக்கின்றன, இரண்டு ஆண்டுகளாவது நீடிக்கிறதா, யாருக்காவது தீங்கு நேர்கிறதா என்பதை. மனச்சோர்வில் மூழ்கியிருப்பவர் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்பார். தேறியபின் கேட்டால் வேறு பதில் வரும். பிறர் வலி உறைக்காதவரோ தனக்குச் சிக்கலே இல்லை என்று டிக் போடுவார். அவருக்குப் பயந்து வாழும் மனைவியிடம் பேசினால்தான் உண்மை தெரியும்.

மருத்துவர்கள் போதாது என்பது மெய்தான். யாரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கப் படிவத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்காகவே அது வந்தது. கட்டுரையாளரோ மதிப்பெண்ணை நேரே கேஸ் ஷீட்டில் ஏற்றச் சொல்கிறார். அங்கே ஏறும் கோளாறின் பெயர் என்ன செய்யும் என்பதை லூயிஸ், ஆப்பிள்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1988-இலேயே காட்டிவிட்டார்கள். மனநல மருத்துவர்களிடம் ஒரு நோயாளியின் விவரத்தைக் கொடுத்தார்கள். சிலருடைய தாளில் மட்டும் முன்பே ஆளுமைக் கோளாறு என்ற குறிப்பு இருந்தது. அதைப் படித்தவர்கள், அந்த நோயாளி கவனத்தை ஈர்க்கவே இப்படி நடந்துகொள்கிறார் என்ற பக்கம் சாய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களே இப்படி என்றால், தற்கொலைக்கு முயன்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருபவர் அந்த 135 பேரில் ஒருவராக இருந்தால் அவருக்கு என்ன கதி? இதற்குக் கட்டுரையாளர் பதில் சொல்லட்டும்.