செல்லப்பெயருக்குள் ஒளிந்திருக்கும் 'என்'



எட்வர்டு என்னும் பெயருடையவரை ஆங்கிலேயர் செல்லமாக 'நெட்' என்பர். எல்லன் 'நெல்' ஆவாள். ஆன் 'நேன்' ஆவாள். ஆலிவர் 'நோல்' ஆவார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லுக்கும் 'கிழட்டு நோல்' என்ற பட்டப்பெயர் வழங்கியது. உயிரொலியில் தொடங்கும் இப்பெயர்களின் முன்னே நகர ஒலி எவ்வாறு வந்தது?

இடைக்கால ஆங்கிலத்தில் 'என்' என்பதற்கு இரு வடிவங்கள் இருந்தன. இன்றைய ஒலிப்பில் கூறுவதானால், மெய்யொலிக்கு முன் 'மை'. உயிரொலிக்கு முன் 'மைன்'. தாய் தன் மகனை 'மைன் எட்' என்று அழைத்தாள். கேட்டவர் காதில் அது 'மை நெட்' என்று பிரிந்தது. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில் விகடன் அரசனை 'நங்கிள்' என விளிப்பதும் இவ்வாறு 'மைன் அங்கிள்' என்பதிலிருந்து பிறந்ததே. ஆகவே, 'நெட்' என்பது வெறும் சிதைவன்று. 'நீ என்னுடையவன்' என்னும் உரிமை, ஒற்றை மெய்யாய் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதனை நம் வகுப்பறையிலும் கூறவேண்டும் என்பது என் கருத்து. எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய் என்று மாணவர்கள் மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். உறவுப்பெயருக்குள் 'என்', 'உன்' எப்படிப் புகும் என்று அவர்களுக்கு விளக்குவோர் குறைவு. நாள்தோறும் ஆங்கிலம் பேசும் நம் பிள்ளைகளிடம் 'நெட்' கதையைச் சொல்லிப் பாருங்கள். பிறகு 'தம்பி' என்னும் சொல்லில் 'தம்' இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'நெட்' தமிழிலிருந்து பிறந்தது என்று நான் கூறவரவில்லை. ஆங்கிலத்தில் நிகழ்ந்தது சொற்பிரிப்பில் நேர்ந்த மயக்கம். தமிழில் உள்ளது இடப்பெயரும் உறவுப்பெயரும் இணைந்த புணர்ச்சி. ஒலி ஒத்திருந்தால் உடனே 'எல்லாம் தமிழே' என முழங்குவது மொழிப்பற்று ஆகாது. அத்தகைய கூற்றுகள் பொய்த்துப்போகும்போது, தமிழின் உண்மைப் பெருமையையும் மாணவர்கள் ஐயுறுவர்.

ஒப்பிடுவோம், உரிமை கொண்டாட வேண்டா. அன்பு இலக்கணத்துக்குள் புகும் வழிகள் எம்மொழியிலும் உண்டு. அவற்றைக் காட்டுவதே மொழியாசிரியரின் கடமை. சிந்திப்போம்!