பத்துப் பிக்சலில் ஒரு கஞ்சாத் தோட்டம்

விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டையைக் கடந்துதான் சென்ட்ரலை எட்டுகின்றன. இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் பைகளில் ரயில்வே போலீசார் அடிக்கடி கஞ்சாவைக் கண்டெடுக்கிறார்கள். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது வெறும் செய்தி அல்ல. அந்தக் கஞ்சா விளையும் மலைகளை வானிலிருந்தே கண்காணிக்கலாமே என்ற எதிர்பார்ப்பு நம் தொலையுணர்வுத் துறைமேல் விழுகிறது. கண்காணிக்கலாம். எந்த அளவுக்கு என்பதை நாம்தான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் 2021 இறுதியில் ஆந்திரக் காவல்துறை தொடங்கிய ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’ 7,500 ஏக்கருக்கும் மேல் கஞ்சாவை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ எரிக்கப்பட்டது. இப்படிப் பரந்த தோட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பிடிக்க நுட்பமான மாடல் தேவையில்லை. சிறு துண்டுகளில்தான் நம் திறமை சோதிக்கப்படுகிறது.

25 சென்ட் நிலம் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் பட்டைகளில் அது 10 பிக்சல். ஓரங்களில் காடும் பக்கத்து மஞ்சள் வயலும் கலந்துவிட, சுத்தமாக மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. பயிர்களைப் பிரித்தறிய உதவும் சிவப்பு விளிம்புப் பட்டைகளோ 20 மீட்டர்; அவற்றில் இதே துண்டு இரண்டரைப் பிக்சல்தான். செடி தழைக்கும் மழை மாதங்களில் மேகம் மலையை மூடியே கிடக்கும். ரேடார் மேகத்தை ஊடுருவும். ஆனால் செங்குத்துச் சரிவுகளில் அதன் படமே கோணலாகிவிடும்.

இந்த நிலையில் ‘95 சதவீதத் துல்லியம்’ என்று எழுதினால் என்ன பொருள்? ஒரு கணக்குக்கு, 1,00,000 துண்டு நிலங்களில் 1,000இல் கஞ்சா என்று கொள்வோம். கஞ்சா உள்ள நிலம், இல்லாத நிலம் இரண்டிலும் அதே 95 சதவீதம் என்றால், மாடல் 950ஐச் சரியாகப் பிடிக்கும். மீதி 99,000இல் 5 சதவீதம், அதாவது 4,950 நிலங்களையும் கஞ்சா என்றே குறிக்கும். ஆறு குறிகளில் ஐந்து பொய். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல். அந்த ஐந்து பேரில் யாரோ ஒரு பழங்குடி விவசாயி, மஞ்சள் போட்டதற்காகப் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

மொத்தப் பரப்பைக் கணிப்பது வேறு. ஆப்கானிஸ்தானில் அபினிப் பரப்பு 2022இல் 2,33,000 ஹெக்டேரிலிருந்து 2023இல் 10,800 ஹெக்டேராகச் சரிந்ததை ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுதான் மதிப்பிட்டது. நாடு முழுமைக்குமான பரப்பைக் கணிக்கும்போது இரு பக்கப் பிழைகளையும் மாதிரி ஆய்வால் ஈடுகட்டலாம். ஒருவர் வயலைச் சுட்டிக்காட்டும்போது ஈடுகட்ட எதுவுமில்லை. முந்தையது நம் வேலை. பிந்தையதைக் களத்தில் கால் வைத்தவர்களே உறுதி செய்ய வேண்டும்.

வரைபடம் முதலில் போக வேண்டிய இடமும் காவல் நிலையம் அல்ல. எந்தச் சரிவில் காபியும் மிளகும் பிடிக்கவில்லை என்பதற்கான தடயமும் அதே படங்களில் கிடைக்கலாம். அந்த மலைப்பகுதியிலுள்ள பாடேருவின் பழங்குடியினர் மேம்பாட்டு முகமைக்கு அது கிடைத்தால், கஞ்சா வியாபாரி முன்பணத்தோடு வருமுன் நாற்று போய்ச் சேரும்.

இனி இவ்விதழுக்கு வரும் பயிர்க் கண்காணிப்புக் கட்டுரைகள் ஒட்டுமொத்தத் துல்லியத்தோடு நில்லாமல், கஞ்சா எனக் குறித்தவற்றில் களத்தில் மெய்யானவை எத்தனை என்பதையும் தர வேண்டும். பயிற்சிக்கும் சோதனைக்கும் வெவ்வேறு மலைகளின் மாதிரிகள் வேண்டும். தனி வயல்களின் ஆயத்தொலைவுகளை வெளியிட மாட்டோம்.