காணி போனாலும் மதிப்புப் போகலாகாது

இரத்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வைத்து வளர்த்த ஒரு பெரியவருக்கு அந்தத் தோட்டம் வருமானம் மாத்திரமன்று. வீட்டில் அவர் சொல்லுக்கிருந்த பெறுமதியும் அதுவே. எந்த மரத்தைத் தறிப்பது, எந்தப் பிள்ளைக்கு எந்தத் துண்டு என்று அவரிடமே கேட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவு மாத்தளை மாவட்டத்தையும் தாக்கியது. காணியை விட்டு வெளியேறி, உறவினர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருக்கும் முதியவரிடம் இப்போது யார் எதைக் கேட்கிறார்கள்?

இடம்பெயர்ந்த குடும்பங்களாகிய நாம் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். முதியோரைத் துன்புறுத்துவது என்றால் அடி உதை என்றே நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் அநேகமாக அது ஓசையின்றி வருகிறது. நட்டஈட்டுப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று சொல்லாமல் கைநாட்டு வாங்குவதும், அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் "பத்திரமாக" எடுத்து வைத்துக்கொள்வதும், எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைக் கொடுப்பதும், "எப்போதுதான் போய்ச் சேருவாயோ" என்று காதுபடச் சொல்வதும் துன்புறுத்தலே. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதாவதொரு வகையில் இத்தகைய கொடுமைக்கு உள்ளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அயலவர் கண்டுகொள்ளக்கூடிய அடையாளங்கள் உண்டு. கிளினிக் கொப்பியில் பல மாதங்களாகப் பதிவில்லை. உடைந்த கண்ணாடி மாற்றப்படவில்லை. உடல் மெலிகிறது. காயத்துக்குச் சொல்லும் காரணம் பொருந்தவில்லை. மகன் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளியாக்கக் கூடாது. ஆனால் கண்டும் காணாததுபோல் போவதும் கூடாது. அவரைத் தனியே சந்தித்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் அன்றிரவு அவருக்கே வினையாகலாம்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கலாகாது. ஒரே அறையில் குழந்தைகளோடும் நோயாளியோடும் அல்லற்படும் மருமகள் களைத்துப்போய்ச் சீறுகிறாள். அவளைத் திட்டுவதால் பயனில்லை. மற்றப் பிள்ளைகளும் செலவையும் வேலையையும் பங்கிட வேண்டும். அயலார் ஒருவர் வாரத்தில் ஒரு பகல் முதியவருடன் இருந்தால், அவளுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆனால் பணத்தைப் பறிப்பதற்கும் கைநீட்டுவதற்கும் களைப்பு ஒரு காரணமாகாது.

"அது அவர்கள் வீட்டு விடயம்" என்று ஒதுங்க இனி இடமில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க முடியாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அச்சட்டத்தின் கீழ் அமைந்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அடி, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அதைப் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் கோரலாம். காணியை நன்கொடை உறுதியாக எழுதும்போது சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவும் முதியவருக்கு உரிமை உண்டு. அதை எழுதுமுன் அவருக்கு விளக்கிச் சொல்வது நம் கடமை.

காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். கோயிலுக்குக் கொடுப்பதையே சாட்டாக ஏற்காதவர், இடம்பெயர்வைச் சாட்டாக ஏற்பாரா?

ஆகவே இந்த வாரமே ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டு முதியவரின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் அவர் கையிலேயே கொடுப்போம். புதிய காணியில் எதை நடலாம் என்று முதலில் அவரிடமே கேட்போம். மலைமண்ணை அறிந்தவர் அவரல்லவா?