விரியாத குடை

அமெரிக்காவில் வான்சாகசம் பழகும் சிறுவிமானிகள் சிலர், புதிய பாராசூட்டின் விலைக்கு அஞ்சிப் பழையதைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. 'ஒருமுறைகூட விரிந்ததில்லை' என்று விற்பவர் சொல்வதை நற்சான்றாகக் கொள்வதே தவறு.

பையில் கிடந்தாலும் நைலான் மூப்படையும். 1980களில் தயாரான சில வட்டப் பாராசூட்டுகளில், வலைத்துணியிலிருந்த அமிலம் அருகிலிருந்த குடைத்துணியை நலிவுறச் செய்தது. மடிப்புக்குள் அது யார் கண்ணிலும் படாது.

ஆகவே முதலில் தயாரிப்பு ஆண்டையும் மடிப்புப் பதிவட்டையையும் கேளுங்கள். செயற்கையிழைப் பாராசூட்டை உரிமம் பெற்றவர் கடந்த 180 நாட்களுக்குள் மடித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அத்தகைய ஒருவர் விரித்துச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.

1922இல் டேட்டனில், சிதைந்த விமானத்திலிருந்து குதித்த ஹரால்ட் ஹாரிஸைப் பாராசூட்டே காத்தது. அந்தக் கணத்தில் விலையை நினைப்பவர் எவருமிலர். சோதனைக்கு இசையாத விற்பனையாளர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.